முப்பத்திரண்டு அடி வேர்

சென்ற மாதம் குளுவாங்கில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போடுகிறார்கள். ஓர் இயந்திரம் வந்து மரத்தின் மேல் கைவைத்துத் தள்ளுகிறது. மரம் அப்படியே மல்லாந்து, வேரோடு வானத்தைப் பார்க்கிறது. நான் மதியச் சோற்றை மறந்து வேலியோரம் நின்றுவிட்டேன். அங்கே மேற்பார்வை பார்க்கும் தம்பி வந்து, "என்னா பெரியவரே, மிஷினையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார். மிஷினை இல்லை, வேரைப் பார்க்கிறேன் என்றேன். "வேர்ல என்னா லா இருக்கு பாக்க?" என்று சிரித்தார். நின்றபடியே கொஞ்சம் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, இதை எங்காவது எழுதி வையுங்கள் என்றார். அதனால்தான் இந்தக் காகிதம்.

நான் வேர் பார்த்தவன். முதல் உலகப் போர் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்னால் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து, குளுவாங்குக்கும் பத்து பாகாட்டுக்கும் நடுவே ஒரு தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டேன். அப்போது காட்டை வெட்டி எரித்து, கரிந்த அடிக்கட்டைகளுக்கு நடுவே ரப்பர் கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டைகளைத் தோண்டி எடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. அவை மண்ணுக்குள்ளேயே உளுத்தன. உளுத்த கட்டையிலிருந்து ஒரு வெள்ளைப் பூஞ்சை நூல் நூலாகக் கிளம்பி ரப்பர் வேரைப் பிடித்துக்கொள்ளும். மரம் மேலே பச்சையாகத்தான் இருக்கும். திடீரென்று ஒருநாள் இலை மங்கும், அடுத்த மழைக்காற்றில் விழுந்துவிடும். இதைப் பார்க்க ஆறு பேர் கொண்ட வேர்க் கும்பல் ஒன்றைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஏற்படுத்தினார். நான் கையைத் தூக்கினேன். மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை, யாரும் பின்னால் நின்று கத்தமாட்டார்கள் என்பதுதான் காரணம். சோம்பேறி என்று லயத்து வீடுகளில் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

மரத்தடியில் மண்டியிட வேண்டும். இரண்டடிக்குள் மண்வெட்டி படக்கூடாது. மூங்கில் சிராயால் மண்ணைக் கீறி, கையால் அள்ளி, வேர்த்தலையைத் திறக்க வேண்டும். நல்ல வேர் மஞ்சள் கலந்த பழுப்பு. விரலால் வழித்தால் மண் விட்டுவிடும். நோய் வேரில் இடியாப்பம் மாதிரி வெள்ளை நூல் ஒட்டிக்கொண்டிருக்கும், வழித்தாலும் போகாது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் எங்கோ ஒரு பழைய கட்டை அகப்படும். கட்டையைப் பிளந்து எரிக்க வேண்டும். கெட்ட மரங்களைச் சுற்றி, ஒரு வேரும் தாண்டாதபடி இரண்டடி ஆழத்தில் பள்ளம் வெட்ட வேண்டும். என் வேலை இவ்வளவுதான்.

ஆனால் இதைப் பதினைந்து வருடம் செய்தால் மனிதன் ஒரு மாதிரி ஆகிவிடுகிறான். நடக்கும்போது எனக்குத் தரை தெரியாது. தரைக்குக் கீழே இருப்பதுதான் தெரியும். மேலே இருபதடிக்கு ஒன்றாக நேர்நேராக நிற்கிற மரங்கள், கீழே ஒன்றின் மேல் ஒன்று கைபோட்டுக்கொண்டு கிடக்கும். கல் குறுக்கிட்டால் வேர் சண்டை போடாது. தடவிப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போகும், கல் முடிந்ததும் பழைய திசைக்கே திரும்பிவிடும். உளுத்த இலை கிடந்த இடத்தில் கொத்தாகப் பிரியும், வெறும் களிமண்ணில் ஒற்றையாக ஓடிக் கடந்துவிடும். பிப்ரவரியில் இலையெல்லாம் கொட்டி மரம் செத்தது போல நிற்கும்போது மண்ணைத் திறந்தால், கீழே வெள்ளை வெள்ளையாய்ப் புதுநுனிகள் கிளம்பியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அப்படியே குந்தியிருப்பேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். கூட இருந்தவர்கள் என்னை உலுக்கித்தான் வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள்.

ஒரு வருடம் சுமத்திராக் காற்று அடித்துப் பன்னிரண்டு வயது மரங்கள் ஒரே வரிசையில் படுத்துவிட்டன. நோய் என்று எல்லாரும் பயந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். ஒரு வெள்ளை நூல் இல்லை. ஆனால் எல்லா மரத்துக்கும் ஆணிவேர் குடைக்காம்பு மாதிரி மேலே வளைந்திருந்தது. ஆழமில்லாத குழியில், அவசரத்தில், வேரை மடக்கித் திணித்து நட்டிருக்கிறார்கள். நட்டவர்கள் அதை அன்று மாலையே மறந்திருப்பார்கள். இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் எனக்குக் கங்காணிப் பட்டம் கிடைத்தது. ஒரு கைத்தடியும் வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, ஒளிப்பானேன்.

இனி ஒன்பதாம் நம்பர் காடு. தோட்டத்தில் ரப்பர் பிரிவுகளைக் காடு என்றுதான் சொல்வோம்.

ரப்பர் விலை படுத்து, தோட்டம் தோட்டமாய் ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். ஒன்பதாம் நம்பர் காட்டின் தாழ்ந்த பக்கத்தில் அஞ்சலை என்ற பெண் பால் வெட்டினாள். புருஷனை மலேரியாவுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பெண்குழந்தைகளோடு இருந்தவள். கத்தி அவள் கையில் பேசும்; வாய் அதைவிடப் பேசும். நான் குந்தியிருப்பதைக் கண்டால், "வேருக்கு மாப்புள்ள வந்துட்டாரு, வழி விடுங்க" என்பாள். அவள் வெட்டிய மரங்கள் அந்த வருடம் மஞ்சளடித்தன. உச்சிக் கிளைகள் மொட்டையாயின. மரத்தடி மங்குக் கோப்பையில் பால் பாதிதான் இறங்கியது. பெரிய துரை ஒருநாள் சுற்றிப் பார்த்துவிட்டு, இவள் பட்டையைத் தாண்டிக் கட்டை வரைக்கும் ஆழமாக வெட்டி மரத்தைக் கொன்றுவிட்டாள் என்று சொல்லிவிட்டார். பேரை எடுத்துவிட்டு, மாதக் கடைசியில் புறப்படும் கூட்டத்தோடு நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றச் சொன்னார்.

அஞ்சலை ஆபீஸ் வாசலில் நின்றாள். அழவில்லை. "அங்க எனக்கு யாருங்க இருக்கா? எங்கம்மா அப்பாவும் போயிட்டாங்க. அவரும் இங்கதான் மண்ணுக்குள்ள கெடக்காரு. எந்த ஊருன்னு சொல்லி எறங்குவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போது எங்களுக்கு வெளிவேலை பார்க்கும் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர் கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். தடித்த கண்ணாடி, மெலிந்த கழுத்து, காதில் பென்சில். கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ஒன்றைக் காகிதத்தில் வரைந்து முடிக்கும் வரை அதைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லமாட்டார். "முதல்ல கீறுவம், பிறகு கதைப்பம்" என்பார். அவர் மரங்களின் வெட்டுக்காயங்களைப் பார்த்துவிட்டு, "இதில பெரிய பிழை ஒண்டும் இல்லை" என்று துரையிடம் சொன்னார். அப்படியானால் மரம் ஏன் சாகிறது, காரணத்தைக் காட்டு என்றார் துரை. கூட்டம் புறப்படும் சனிக்கிழமை வரை தவணை கொடுத்தார்.

கந்தையா என்னைக் கூப்பிட்டார். "ஒரு மரத்தின்ர வேர் முழுக்க, ஒரு முடி அறாமல், எனக்குப் பார்க்க வேணும். ஏலுமோ?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. ஏலும் என்றேன்.

ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துத் தலையை வெட்டி, அடிமரத்தை மூன்று பக்கமும் கயிறு போட்டு நிறுத்தினோம். ஆறடி தள்ளி அரைவட்டமாகக் குழி இறக்கினோம். பிறகு மண்வெட்டிகளை எல்லாம் வெளியே போடச் சொன்னேன். இனி தண்ணீர் மட்டும்தான். அடியில் ஓட்டை போட்ட மண்ணெண்ணெய் டின்னில் நீரை ஊற்றி, குழிச்சுவரை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைத்தோம். ஒரு வேர் வெளியே வந்ததும், அது மண்ணில் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் கவட்டைக் குச்சி நட்டுத் தாங்கிப் பிடித்தோம். மூன்று நாளில், மண் இருந்த இடத்தில் வெறும் காற்றும், காற்றில் நூற்றுக்கணக்கான வேர்களும் நின்றன. ரப்பர் இலை வழியாக வெளிச்சம் இறங்கி அவற்றின் மேல் அசைந்தது. எல்லாரும் தாழ்ந்த குரலில்தான் பேசினோம். நான் அந்தக் குழிக்குள் நின்றபோது, சாகும்போது இப்படி ஓர் இடத்துக்குத்தான் போவோமோ என்று நினைத்தேன்.

தண்ணீர் தூக்கிய பெண்களில் அஞ்சலையும் இருந்தாள். வெட்ட மரம் இல்லாதவளுக்கு அந்த வேலையைத்தான் கொடுத்திருந்தார்கள். குடத்தைச் சாய்த்துவிட்டு, கரையும் மண்ணை ஒவ்வொரு தடவையும் உற்றுப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஆணிவேர் மூன்றடி வரை நன்றாக இருந்தது. அதற்குக் கீழே கறுத்து, தொட்டால் தோல் கழன்று, கெட்ட முட்டை நாற்றம் அடித்தது. குழியிலும் அதே மூன்றடியில் தண்ணீர் ஊறி நின்றது. இறைத்தால் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. மேலே நாங்கள் நடப்பது காய்ந்த தரை. கீழே ஒரு குளம் இருந்திருக்கிறது. வேருக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் அது மூச்சும் விட வேண்டுமே. மூழ்கிய பாதி செத்துப்போய், மரம் பயந்துபோய் மேல்மண்ணில் அவசர அவசரமாய்ப் புதுவேர் விட்டிருந்தது. அவை இன்னும் வெள்ளையாக, ஒரு சாண் நீளம்கூட இல்லாமல் இருந்தன.

"புது வேர். அப்ப தண்ணியும் புதுசுதான். ஆனா எங்கயிருந்து வந்தது?" என்றார் கந்தையா. துரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த காட்டில் எப்போதும் தண்ணீர்தான், இது காரணமாகாது என்று சொல்லிப் போய்விட்டார்.

ஒரு பக்கவேர் மட்டும் மற்றவற்றைவிட நீளமாகக் கிழக்கே ஓடியது. அது எங்கே போகிறது என்று பார்த்து வரச் சொல்லிவிட்டு, கந்தையா குழிக்குள் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். நான் சிராயால் கீறிக்கொண்டே அதன் பின்னால் போனேன். அஞ்சலை பின்னாலேயே வந்து தண்ணீர் ஊற்றினாள். பத்தடி, இருபதடி. விரல் தடிமன் இருந்த வேர் பென்சில் தடிமனாகி, பிறகு ஈர்க்குச்சி ஆனது. சாம்பல் நிறக் களிமண்ணுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது, திடீரென்று மேலே ஏறியது. ஏறிய இடத்தில் மண் சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பு மண்ணுக்குள் அது கைவிரித்த மாதிரி கொத்தாகப் பூரித்திருந்தது.

என் கை நின்றுவிட்டது. தாழ்ந்த பக்கத்தில் சிவப்பு மண் கிடையாது. அது மேட்டு மண். போன வறட்சியில் மேட்டோரம் ஆறு நோய் மரங்களைச் சுற்றிப் பள்ளம் வெட்டியவன் நான். வெட்டிய மண்ணை எங்கே போடுவது என்று பார்த்தேன். எங்களுக்கு முன்னால் அந்தக் காட்டில் மிளகும், சாயத்துக்குக் கம்பீர்ச் செடியும் போட்ட சீனர்கள் வெட்டிய பழைய வாய்க்கால் ஒன்று, இதே இடத்தில் புதர் மண்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. செத்த வாய்க்கால் என்று அதில் கொட்டிச் சமன் செய்து, பார்க்க அழகாக இருக்கிறது என்று ஆட்களிடம் பெருமையும் பேசினேன். மழைக்காலத்தில் காட்டின் அடித்தண்ணீர் முழுவதும் அதன் வழியாகத்தான் கசிந்து வெளியேறியிருக்கிறது. கீழே எல்லாம் தெரியும் என்று திரிந்த எனக்கு அது தெரியவில்லை. மரங்களைக் கொன்றவன் நான்தான்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இந்த வயதிலும் கூச்சமாக இருக்கிறது. இடுப்புக் கத்தியை எடுத்தேன். அந்தக் கொத்தை அறுத்து மடியில் முடிந்துகொண்டேன். சிவப்பு மண்ணைக் காலால் தள்ளி மூடி, மேலே சருகை இழுத்துப் போட்டேன். நிமிர்ந்தபோது அஞ்சலை குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் என் மடியில் இருந்தது.

குழியிலிருந்து கந்தையாவின் குரல் வந்தது. "எங்க போகுது காணும்?"

"எங்கயும் போகலீங்க. இங்கயே முடிஞ்சிருச்சு" என்றேன்.

அஞ்சலை என் மடியிலிருந்து கண்ணை எடுத்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுத்த தண்ணீருக்குப் போனாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கந்தையா படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, "தண்ணி நிக்குது எண்டு எழுதலாம். ஏன் நிக்குது எண்டு எழுத என்னட்டை ஒண்டும் இல்லை. அந்தப் பிள்ளை போகத்தான் வேணும் போல" என்றார். அப்படிச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் லயத்துக்கு வந்து மதியம் பாயில் படுத்தேன். தூங்கினேனா என்று தெரியாது. பாய்க்குக் கீழே ஏதோ மெதுவாக ஊர்ந்துகொண்டே இருந்தது. அது என்னைத் தேடவில்லை, குத்தவும் இல்லை. போக வழி தேடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வியர்த்து எழுந்து உட்கார்ந்தேன். கங்காணி வேலை போகும், சனங்கள் சிரிக்கும், நானே கப்பலேற வேண்டி வந்தாலும் வரும். எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்துவிட்டு, பயத்தோடேயே கிளம்பினேன்.

கந்தையா வாசலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். மடியை அவிழ்த்து வேர்க்கொத்தை மேசையில் வைத்தேன். வாடியிருந்தாலும் நுனிகளில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. அவர் அதைக் கையில் எடுத்தார். முகர்ந்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்தை விரித்தார்.

"எத்தினை அடி?"

"முப்பத்திரண்டு."

பாதியில் நின்றிருந்த கோட்டைப் பிடித்து, அளந்து, கடைசிக் கொத்து வரை நிதானமாக வரைந்து முடித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பென்சிலைக் காதில் செருகிய பிறகுதான் தலையைத் தூக்கினார்.

"இது நீர் கொட்டின மண்ணெல்லோ?"

"ஆமாங்க."

"பிறகேன் காணும் வெட்டினனீர்?"

"பயந்துட்டேங்க."

"எனக்கும் பயம்தான் வந்திருக்கும்" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

இருவரும் பங்களாவுக்குப் போனோம். பெரிய துரை படத்தைப் பார்த்தார், வேரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "நீ மண்ணு போட்டது?" என்று தன் தமிழில் கேட்டார். ஆமாம் துரை என்றேன். "அப்புறம் வேரு வெட்டினது?" அதற்கும் ஆமாம் என்றேன். பிறகு கந்தையாவிடம் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசி எங்களை அனுப்பிவிட்டார். திரும்பும் வழியில் கந்தையா எனக்குச் சொன்னார்: அஞ்சலையின் பேர் செக்ரோல் பேரேட்டில் இருக்கும். என் பேரும் இருக்கும், ஆனால் கங்காணியாக இல்லை. வாய்க்காலை நாளையே திறக்க வேண்டும். எனக்கு அழுகையும் நிம்மதியும் ஒன்றாக வந்தது. அந்த மயக்கத்தில் வீட்டுக்குப் போய் விழுந்துவிட்டேன்.

விடிந்தும் விடியாமலும் பெரட்டு, ஆள் கணக்கெடுக்கும் நேரம். எல்லாரும் வரிசையில் நின்றோம். கந்தையா புத்தகத்தை மூக்கருகே பிடித்துப் பேர் வாசித்தார். பால் வெட்டுகிறவர்கள் முறை வந்தது.

"அஞ்சலை."

பதில் இல்லை.

"அஞ்சலை!"

வரிசையைப் பார்த்தேன். அவள் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று அவர் இருந்துவிட்டார். அவர் ஆள் விட்டிருப்பார் என்று நான் இருந்துவிட்டேன். மூன்றாம் தடவை கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் கோடு போட்டுவிடுவார்கள்.

"அஞ்சலை!"

"இருக்காங்க!" என்று கத்தினேன்.

பெரட்டு முழுவதும் சிரித்தது. "அலமாக், மாப்புள்ளைக்குப் பேரு மாறிப்போச்சு" என்றான் ஒருவன். கந்தையா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எங்க காணும்?"

"வந்துக்கிட்டிருக்காங்க!" என்று சொல்லிக்கொண்டே லயத்தைப் பார்த்து ஓடினேன்.

வாசலில் இரண்டு மூட்டை கட்டியிருந்தாள். பெண்பிள்ளைகள் தலைவாரி, நல்ல பாவாடை போட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பால்வெட்டுக் கத்தியை ஒரு துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். தோட்டத்துக் கத்தி, ஒப்படைத்துவிட்டுத்தானே போக வேண்டும்.

"அஞ்சலை, ஒன் பேரைக் கூப்புட்டாங்க. இருக்கன்னு சொல்லியாச்சு" என்றேன். மூச்சு வாங்கியது.

அவள் நம்பவில்லை. "யாரு இருக்கேன்னு சொன்னது?"

"நாந்தான் சொன்னேன்."

என் மடியைப் பார்த்தாள். "அன்னிக்கு அறுத்தீங்களே, அது?"

"கிராணிகிட்ட குடுத்துட்டேன். தொரைகிட்டயும் சொல்லிட்டேன். ஏன் தங்கச்சி, நீ பாத்தேல்ல? அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றான்னுதானேண்ணே சொல்லுவாங்க."

கத்தியைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். மூட்டையை உள்ளே இழுத்துப் போடும்படி பிள்ளைகளிடம் சொன்னாள். நாலு எட்டு நடந்தவள் திரும்பி நின்றாள்.

"அப்ப ஒங்க பேரு?"

"என் பேரும் இருக்கு. மண்வெட்டி ஆளுங்க வரிசையில."

என்ன சொல்வாளோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். வழக்கம்போல ஏதாவது கேலி செய்வாள், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் கேலி செய்யவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் ஏண்ணே இன்னும் நிக்கிறீங்க? அங்க மரம்லாம் தண்ணியில நிக்குது. போங்க, போயித் தொறந்து விடுங்க."